நோம்பு லீவுல விழுந்த அரப்பேரு

கொக்கோக் கொட்டையப் பெட்டியில கொட்டி, மேல வாழ எலயப் போட்டு மூடிப் புளிக்க வப்பாங்க. அப்ப ஒரு வாசம் வருமுங்க பாருங்க, கள்ளுன்னும் சொல்ல முடியாது, பழமுன்னும் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் நடுவுல மூக்கக் கூச வைக்கிற ஒரு இனிப்பு. மொத நாளு எச்சி ஊறும், மூணாம் நாளு தல வலிக்கும். இலங்கை மலநாடுன்னாலே தேயிலன்னு நெனச்சிக்கிறீங்க எல்லாரும். எங்க மாத்தளப் பக்கம் அப்பிடி இல்ல. ஒரே தோட்டத்துல ரப்பரு, கொக்கோ, மெளகு, சாதிக்கான்னு கலியாண வீட்டுச் சாம்பாரு மாதிரி எல்லாம் கெடக்கும். எந்த மரத்துல காய் இருக்கோ அதுக்குக் கீழ நாங்க இருப்போம்.

நான் சொல்ற வருசம் காய் சீசனும் நோம்பு மாசமும் ஒண்ணா வந்துச்சு. அப்ப எனக்கு ஒம்பதோ பத்தோ வயசு. ஞாயித்துக்கெழம லீவ எடுத்துட்டு, நெலா வளந்து தேயிற கணக்குல வர்ற போயாவுக்குப் போயா லீவு விட்ட காலம் அது. என்ன கெழமன்னு யாருக்கும் தெரியாது. நெலாவ அண்ணாந்து பாத்து, "நாளைக்கு வேல இருக்கா இல்லையா"ன்னு கேட்டுக்குவோம். இப்ப புள்ளைங்களுக்குச் சொன்னா சிரிக்கிறாங்க.

தோட்டத்துல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஒரு கூரை, ஒரு வாத்தியாரு. அவரு காலையில தோட்டத்துத் தபால் எடுக்கப் போயிருவாரு, அவரு வர்ற வரைக்கும் நாங்க பாட்டுப் பாடணும். மூணு வருசம் நான் பாட்டுதான் படிச்சேன். நல்லாத்தான் பாடுவேன், இப்பவும் பாடுவேன், அது வேற கத.

அந்த வருசத்துக்கு முந்துன வருசம் எங்கப்பா காய்ச்சல்ல போயிட்டாரு. நீட்டுன காயிதத்துலயெல்லாம் கைநாட்டு வச்ச மனுசன். இங்கத்தப் பிரஜாவுரிமைன்னு ஒருத்தன் நீட்டுனான், வச்சாரு; இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புறதுக்குன்னு இன்னொருத்தன் நீட்டுனான், அதுக்கும் வச்சாரு. எதுல வச்சோம், என்ன ஆச்சுன்னு தெரியாமயே கண்ண மூடிட்டாரு. அப்பறந்தான் எங்கம்மாவுக்கு ஒரு வெறி வந்துச்சு. "எம்புள்ள படிச்சுப் பாத்துட்டுத்தான் எதுலயும் கைய வைக்கணும்"னு சொல்லி, டவுனு ஓரத்துல இருந்த முஸ்லிம் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டுச்சு. கவுர்மெண்டுப் பள்ளிக்கூடம். தமிழ்ல படிச்சுக் குடுக்குறது நடந்து போற தூரத்துல அது ஒண்ணுதான். எங்க தோட்டத்துலருந்து ஏழெட்டுப் பேரு எறங்கிப் போவோம். அட்டக் கடியோட போய், எச்சியத் தொட்டு ரத்தத்தத் தொடச்சிட்டு உள்ள ஒக்காருவோம்.

அங்க எனக்குப் பக்கத்துல பரீதான்னு ஒரு புள்ள. அவ வாப்பாவுக்குப் பஜார்ல சாக்குக் கட. அந்தப் புள்ள வாய் இருக்கே, காத்து கூட உள்ள பூந்து வெளிய வரப் பயப்படும். "மாரி, ஒங்கூட்டு ரொட்டியத் தா, எங்கூட்டு ரொட்டிய நீ தின்னு"ன்னு தெனம் மாத்திக்குவா. எங்க ரொட்டி கல்லு மாதிரி இருக்கும். அதையும் "நல்லாத்தான் ஈக்கிது"ன்னு சொல்லிக் கடிப்பா.

டீச்சரு நல்லவங்க. பெரிய புள்ளையா இருந்துக்கிட்டு எழுத்து தெரியலையேன்னு என்ன ஏசல. தனியா மணல்ல ஒக்கார வச்சு, விரலப் புடிச்சு எழுத வச்சாங்க. கானாவுல தொடங்கி நானா, பானா வரைக்கும் வந்துட்டேன். "அடுத்தது மானா. ஒன் பேரு அதுலதான் தொடங்குது. லீவு முடிஞ்சு வா, ஒன் பேர நீயே எழுதலாம்"னாங்க. மறுநாளு நோம்பு லீவு. ஒரு மாசத்துக்குப் பள்ளிக்கூடத்த மூடுறாங்கன்னு பெரிய சேர், அதான் எட்மாஸ்டரு, சொன்னதும் எல்லாரும் "ஓ"ன்னு கத்துனாங்க. நானும் கத்துனேன். என்னத்துக்குக் கத்துனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. "பெருநா முடிஞ்சு வார போயாவுக்கு மறுநாளு தொறப்பாங்க, மறந்துறாத புள்ள"ன்னு பரீதா ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனா.

சாயங்காலம் பீலியில தண்ணி புடிக்கிற எடத்துல இதே பேச்சுதான். அம்மா கூட வேல செய்யிற பேச்சியக்கா கொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு கேட்டுச்சு: "நமக்குத் தீவாளிக்கு ஒரு நாளு. அவுங்களுக்கு ஒரு மாசமா? கவுர்மெண்டுப் பள்ளிக்கூடம்னா எல்லாருக்கும் பொதுவால்ல இருக்கணும்?"

"அவுங்க பச்சத் தண்ணி குடிக்காம கெடக்குறாங்கடி. நீ கெடப்பியா?"ன்னு கேட்டுச்சு எங்கம்மா.

"நான் வருசம் பூராத்தான் கெடக்குறேன். எனக்கு யாரு லீவு விட்டா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மா சிரிக்கல. மறுநாளு அர நாளு வேலய விட்டுட்டு, என்னையும் இழுத்துக்கிட்டு பெரிய சேர் வீட்டுக்கே போயிருச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு, "ஐயா, எங்க புள்ளைங்களுக்கு நோம்பு இல்லையே. ஒரே ஒரு வாத்தியாரு வந்து, ஒரு கதவத் தொறந்து வச்சாப் போதுமே"ன்னுச்சு.

அவரு பாவம், மொத நோம்பு, ஒதடு காஞ்சு போய் இருந்தாரு. "தங்கச்சி, நீ சொல்றது நியாயந்தான். ஆனா தொண்ட காஞ்ச புள்ளைகள ஒக்கார வச்சு நான் படிச்சுக் குடுக்க ஏலாது. கதவத் தொறக்குற அதிகாரமும் என்கிட்ட இல்ல. ஒரு மாசந்தானே, ஊட்டுல வச்சு எழுதப் பழக்குங்க"ன்னாரு.

ஊட்டுல யாரு எழுதப் பழக்குவா? எங்கம்மா அதக் கேக்கல. "சரிங்க ஐயா"ன்னு கும்புட்டுட்டுத் திரும்பிருச்சு.

ஊட்டுல வைக்கவும் முடியாது, அதச் சொல்லணும் நான். புள்ளக்காம்பராவுல தொட்டில் புள்ளைங்களத்தான் வச்சிக்குவாங்க. பெரிய புள்ளைங்க வேல நேரத்துல நாங்க குடியிருக்குற லயத்துல சும்மா நின்னா கங்காணி தொரத்துவாரு, காயத் திருடுதுங்கன்னு. அதனால எங்கம்மா என்னையும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போச்சு.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோசந்தான்! ஆம்பளைங்க அறுத்துப் போட்ட காய நாங்க குவிச்சு வச்சு, கட்டையால ஒரு போடு போட்டா ரெண்டாப் பொளக்கும். உள்ள வெள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி சத. அத வாயில போட்டுச் சப்பிட்டு, கொட்டையக் கூடையில துப்புவோம். துப்பக் கூடாதும்பாங்க, துப்புவோம். தொரைமாருங்க தின்ற சாக்லேட்டெல்லாம் எங்க எச்சிதான்னு பேச்சியக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

கங்காணி பாத்துட்டாரு. ஏசப் போறாருன்னு நான் கட்டையக் கீழ போட்டேன். "கை நல்லா ஓடுதே. என்ன வயசு?"ன்னாரு.

"பன்னெண்டு"ன்னுச்சு அம்மா.

"பன்னெண்டா? ஒசரத்த எங்க ஒளிச்சு வச்சிருக்கா?"ன்னு சிரிச்சிட்டு, மறுநாளு பிரட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. பிரட்டுன்னா விடியக்கால ஆள நிறுத்தி வேலைக்குப் பேரு கூப்புடுறது. அங்க எனக்கு "அரப்பேரு" போட்டாங்க. சின்ன ஆளுக்குப் பாதிச் சம்பளம், அதுக்குப் பேருதான் அரப்பேரு. "நோம்பு முடியிற வரைக்குந்தான் ஐயா"ன்னு எங்கம்மா சொன்னுச்சு. "சரி சரி"ன்னாரு. அவரு கேட்டுக்கிட்டதாவே எனக்குத் தெரியல.

இங்கதாங்க எங்கம்மா தெரியாம ஒரு தப்புப் பண்ணிருச்சு. லயத்துல ஒரு காம்பராவுக்கு, ஒரு குடும்பத்துக்குக் குடுக்குற ரூமுன்னு வச்சிக்கங்க, கொறஞ்சது ரெண்டு பேராவது வேலையில இருக்கணும். எங்கப்பா செத்தப்பறம் எங்க காம்பராவுல ஒரே பேருதான், அம்மா மட்டும். அத யாரும் கவனிக்கல. கவனிக்காத வரைக்கும் நாங்க ராசாத்திங்க. என் அரப்பேரு ஏறுனதுந்தான் கணக்குப் பாக்குறவுங்க கண்ணுல எங்க காம்பரா பட்டுச்சு.

நோம்பு முடிஞ்சு பெருநா வந்துச்சு. அந்த வருசம் மூடுபனியும் மழையும், பெறையும் தெரியல ஒண்ணும் தெரியல. கீழ பள்ளிவாசல்ல வெடி போட்ட சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சிக்கிட்டோம். அடுத்த போயாவும் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா என் பள்ளிக்கூடத்துக் கவுணத் தொவைச்சு அடுப்புக்கு மேல காயப் போட்டுச்சு. காலையில எனக்கு எண்ண தேச்சுச் சட வாரி, பிரட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போற கோலத்துல நான் நிக்கிறேன், எல்லாரும் வேலைக்கு இடுப்புல படங்குச் சாக்குக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

"ஐயா, பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. புள்ள பேர வெட்டி விடுங்க."

கங்காணி மெதுவாத்தான் சொன்னாரு, அவரக் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். "வெட்டலாம் தாயி. வெட்டுனா ஒன் காம்பராவுல ஒரு பேருதான். தொரை கேட்டுக்கிட்டு இருக்காரு. நீயும் புள்ளையும் கடைசிக் காம்பராவுல போய்ச் சேந்துக்கணும். சரின்னா சொல்லு, இப்பவே வெட்டுறேன்."

கடைசிக் காம்பராவுல ரெண்டு ஆம்பளைங்க, ரெண்டு பேரும் சம்பளத்தன்னைக்குக் குடிச்சிட்டுக் கதவ ஒடைக்கிறவங்க. எங்கம்மாவுக்கு அப்ப முப்பது வயசு கூட இருக்காது. புருசன் இல்ல. பக்கத்துல நான், இன்னும் ரெண்டு மூணு வருசத்துல வயசுக்கு வரப் போறவ.

பின்னால ஆளுங்க, "சீக்கிரம் சொல்லு, மழ வருது"ன்னு சத்தம் போடுறாங்க. அம்மா என் பக்கம் திரும்பி, பின்னிக் கட்டுன சடையத் தூக்கி, வேலைக்குப் போற மாதிரி கொண்ட போட்டு விட்டுச்சு. அவ்வளவுதான். நான் அந்தத் தொவைச்ச கவுணோட போய்க் காய் ஒடச்சேன். கற அன்னைக்கே புடிச்சிருச்சு.

எங்க கூடப் போன ஏழெட்டுப் பேருல ரெண்டு பயலுங்கதான் திரும்பிப் போனாங்க. அவனுங்களும் அடுத்த நோம்போட நின்னுட்டானுங்க.

அம்மா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்துன காம்பராவும் நெலைக்கல. ரெண்டு மூணு வருசத்துல காணியெல்லாம் கவுர்மெண்டு எடுத்துச்சு, தோட்டத்தத் துண்டு போட்டுக் குடுத்தாங்க, எங்கள வெளிய போகச் சொல்லிட்டாங்க. பாணு ரொட்டிக்கு வரிசையில நிக்கிற பஞ்ச காலம். நாவுலங்குற ஊருப் பக்கம் ஒரு முதலாளி தோட்டத்துல மொளகா பறிக்கப் போனோம். அம்மா அங்கயே செத்துப் போச்சு. நாவுல பஸ்ஸுல மட்டும் நான் யாரையும் கேக்காம ஏறுவேன், நானா எழுத்து தெரியும்ல எனக்கு! மாத்தள பஸ்ஸுக்குக் கேக்கணும்.

சமயப் பண்டிகைக்கெல்லாம் பள்ளிக்கூடத்த மூடலாமா கூடாதான்னு இப்பவும் ரேடியோவுல பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. என்னக் கேட்டா மூடத்தான் வேணும்பேன். பசியோட இருக்குற புள்ளையப் படின்னு சொல்றது பாவம். சாமி கும்புடுற அன்னைக்குப் புள்ள ஊட்டுல இருக்கணும். ஆனா ஊடுன்னு ஒண்ணு இருக்குற புள்ளைக்குத்தானேங்க அது லீவு? கதவ மூடுறப்ப இந்தப் புள்ள எங்க போவும்னு யாரு கேட்டா? அன்னைக்கும் கேக்கல. இன்னைக்கும் நான் காதாரக் கேட்டதில்ல.

போன மாசம் மாத்தள ஆஸ்பத்திரியில பிரஷர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஒக்காந்திருந்த வாங்குல பக்கத்துல ஒரு முஸ்லிம் அம்மா, தலையில முக்காடு, கையில மருந்துப் பையி, வாய் ஓயல. நர்ஸ ஏசுது, டாக்டர ஏசுது, மருமகள ஏசுது. அந்த வாயக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நீ பரீதாதானே?"ன்னேன். அது என் மூஞ்சியப் பாத்துச்சு, கன்னத்து மச்சத்தப் பாத்துச்சு, அப்பறம் என் கையப் புடிச்சிக்கிச்சு.

"மாரியா? அல்லாவே, நீ எப்ப புள்ள இந்தியாவுலருந்து வந்த?"

"இந்தியாவா? நான் எப்ப இந்தியாவுக்குப் போனேன்?"

"பெரிய சேர்தானே சென்னாரு! தோட்டத்துப் புள்ளைகள் வரல்லன்னா கப்பல் ஏறிட்டாங்கன்னு அர்த்தம், தேட வாணாம்னு. டீச்சர் ஒன்னத் தேடி மலைக்கு ஏறப் பொறப்பட்டு, அதக் கேட்டுட்டுத்தான் நின்டுட்டாங்க. நான் ஒனக்காக எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

அந்தப் பள்ளிக்கூடத்து முத்தத்துல நின்னு நிமுந்து பாத்தா எங்க லயம் தெரியும். கைதட்டிக் கூப்புட்டாக் கூடக் கேக்குற தூரம். திரும்பிப் போன அந்த ரெண்டு பயலுங்களக் கேட்டிருந்தாக் கூடச் சொல்லியிருப்பானுங்க. டீச்சரு ஒரு தடவ ஏறி வந்திருந்தா, மரத்தடியில என்னப் பாத்திருப்பாங்க.

அந்த மரங்களும் இப்ப இல்ல, லயமும் இல்ல. பள்ளிக்கூடம் மட்டும் மூணு மாடியா நிக்கிது, அதுல ஏறி நின்னு பாத்தா மலையில யாரும் இல்ல. "நான் எங்கயும் போகல பரீதா, மேலதான் இருந்தேன்"னேன். அவ பேர நர்ஸ் கூப்புட்டுட்டா. எந்திரிச்சுப் போறப்பயும் என் கைய விடாம, "சும்மா கத செல்லாத புள்ள, போயிட்டதாத்தானே சென்னாங்க"ன்னு சொல்லிக்கிட்டே போனா.