குருசாமியின் இரண்டு விரல்

குருசாமி படகில் ஏறினால் முதலில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து சீட்டில் பதிப்பார். மெல்ல எடுப்பார். பணியாரம் வெந்ததா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. அப்புறம் முகர்ந்து, "ம்" என்பார். சித்திரபுரம் பக்கத்து அணையில் படகுத்துறைப் பொறுப்பாளராகி ஆறு வருஷத்தில் அவர் உடம்பு நோகச் செய்த வேலை அவ்வளவுதான் என்பாள் சாந்தம்மாள். படகு கழுவும் தினக்கூலி அவள்.

மேலதிகாரி டின்சி மேடம் பார்வையிட வருகிறார் என்றதும் குருசாமிக்கு அழகுணர்ச்சி பொங்கிவிட்டது. துறைமேல் கவிந்திருந்த பலாமரத்துக் கிளைகளை முதல்நாள் மாலை வெட்டச் சொன்னார். அடியில் கட்டியிருந்த படகுகளை நகர்த்தவேண்டும் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை. விடிந்து பார்த்தால் நான்கு படகிலும் சீட்டெல்லாம் பலாப்பால். விரல் பதித்தார். விரல் திரும்பி வர யோசித்தது.

"பத்து மணிக்குள்ள சுத்தமாகலைன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றார் சாந்தம்மாளிடம்.

"மரத்தை வெட்டச் சொன்னது நானா சார்?"

அவள் தேங்காயெண்ணெய்க் குப்பியைத் திறந்தாள். பழந்துணியில் தொட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். முதல் படகு பளிச்சென்று ஆனது.

"இதென்ன உன் அடுப்படியா? கவர்மெண்ட் சீட்டுல எண்ணெய் தடவுற! இதுக்கெல்லாம் கெமிக்கல் இருக்கு, தள்ளு."

பெயின்டர் விட்டுப்போன தின்னரைத் தானே தூக்கிவந்து மற்ற மூன்று படகிலும் ஊற்றினார், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவர் மாதிரி. பாலோடு சீட்டு ரெக்ஸினின் நீலமும் குழம்பாகக் கரைந்தது. பழக்கதோஷம், இரண்டு விரலைப் பதித்தும் பார்த்தார்.

டின்சி மேடம் வந்ததும் கேட்டார்: "இது யாரு செஞ்ச வேலை?"

"இவதான் மேடம். சொன்னாக் கேட்டாத்தானே."

"கையைக் காட்டும்மா."

சாந்தம்மாள் விரித்தாள். எண்ணெய் மினுங்கியது.

"இனி குருசாமி சாரும் காட்டுங்க."

நுனியிலிருந்து பாதிவரை இரண்டு விரலும் நீலம்.

"என்ன சார், கள்ள ஓட்டும் சேர்த்து ரெண்டாப் போட்டுட்டீங்களா?" என்றாள் சாந்தம்மாள். டின்சி மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அணைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் சாந்தம்மாள் வேலைக்கு வந்தாள். குருசாமியும் வந்தார், பொறுப்பாளர்கள் எங்கே போவார்கள்? விரலை மட்டும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த மாதம் சந்தையில் குருசாமியின் மனைவி சொல்லித்தான் சாந்தம்மாளுக்குத் தெரிந்தது: அந்த வீட்டில் பலாப்பழம் அறுப்பது எப்போதும் குருசாமிதானாம். முழங்கைவரை தேங்காயெண்ணெய் தடவாமல் கத்தியைத் தொடவே மாட்டாராம்.