பாக்கெட்டில் கிடந்த பிளக்

பேய், ஆவின்னு யாராவது பேச ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுற ஆளு. அதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. நான் பயப்படுறது கேஸை மூடினோமா, டயர்ல காத்து இருக்கா, இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். படிவம் மூணு வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதுறேன். நீங்க நம்பாட்டியும் நடந்தது நடந்ததுதான்.

எங்க வீடு சுங்கை ரம்பாய்ல, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. என் வீட்டுக்காரி கமலிக்கு ஆஸ்துமா. ஒருதடவை அவளுக்கு மூச்சுத் திணறுனப்ப என் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகல, பக்கத்து வீட்டுக் கார் வர்றதுக்குள்ள உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அன்னைக்கோட என் தூக்கம் போச்சு. ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு, மளிகைக் கடை பாய்கிட்ட, அரிசி மூட்டைக்குப் பின்னாடி வருஷக்கணக்கா கிடந்த பழைய கப்சாயை, அந்தச் சின்ன மோட்டாரை, விலைக்குக் கேட்டேன்.

பாய் சிரிச்சாரு. “ஒரு மோட்டாரை வச்சுக்கிட்டே நீ தூங்க மாட்டேங்கிற. ரெண்டு வாங்கி என்னலா பண்ணப் போற?”

பத்து பெரண்டாம்ங்கிற ஊர்ல ஃபேக்டரி வேலை முடிஞ்சு வந்து, சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து கார்புரேட்டரைக் கழுவி, செயினை மாத்தி, டேங்க் துருவைச் சுரண்டி, ஒரு மாசத்துல ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுற மாதிரி பண்ணிட்டேன். உடனே அடுத்த கவலை, எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா? அதனால நிறுத்துன கையோட ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்குவேன். பொறி குடுக்கிறதே அதுதான், அது இல்லாம எந்த இஞ்சினும் ஓடாது. கயித்துல கோத்து கழுத்துல மாட்டிக்குங்கன்னு கமலி கிண்டல் பண்ணுவா.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், எங்கேயோ தோட்டத்தை எரிச்சு ஊரே புகை. கமலிக்கு இழுக்க ஆரம்பிச்சுது. மருந்து பம்பை அமுக்கினா காத்துதான் வருது. கிளினிக் மூடியிருக்கு, பக்கத்து வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னுட்டாங்க. பெரிய மோட்டாருக்குப் பின்டயர் தரையோட தரையா கிடக்கு. கமலியைக் கப்சாய்ல உக்கார வச்சு, என் இடுப்போட துண்டால சேர்த்துக் கட்டி, உதைச்சேன். ஒரே உதைதான். முப்பது கிலோமீட்டருக்கு மேல, ஒரு இடத்துல கூட திக்கல.

ஆஸ்பத்திரியில அவளை உள்ளே கொண்டுபோயிட்டாங்க. கவுண்டர்ல அவளோட அடையாள அட்டையைக் கேட்டாங்க. சட்டைப் பாக்கெட்டுல கைய விட்டேன். பிளக் வந்துச்சு.

அவ மூச்சு சீராயிடுச்சுன்னு நர்ஸ் சொன்ன பிறகுதான் வெளியே ஓடிப் பார்த்தேன். பிளக் வயரு சும்மா தொங்குது, ஓட்டை காலியா இருக்கு. இஞ்சினைத் தொட்டேன், அந்த வெயில்லயும் சில்லுனு இருந்துச்சு. மீட்டர் மட்டும் அவ்வளவு தூரத்தையும் காட்டுது. உதைச்சுப் பார்த்தேன், புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. பிளக்கைப் போட்டு உதைச்சேன், ஸ்டார்ட் ஆச்சு. வேற பிளக் போட்டிருப்பேன்னு சொல்வீங்க. என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்.

பாய்கிட்ட சொன்னேன். “கமலிப் புள்ள பொழைச்சிருச்சுல்ல, போ” அப்படின்னாரு.

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தப்புறம் கமலிகிட்ட சொன்னேன், அன்னைக்கு இஞ்சின் சத்தம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு. அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா.

“எங்கங்க சத்தம் கேட்டுச்சு? உங்க முதுகுல காதை வச்சிருந்தேன், உங்க நெஞ்சு அடிக்கிறது மட்டும்தான் கேட்டுச்சு.”

எனக்குக் கேட்டுச்சு. சத்தியமா வழி முழுக்கக் கேட்டுச்சு.

இப்ப பிளக்கைக் கழட்டுறதே இல்ல. ஆனா இன்னைக்கும் அவளைப் பின்னாடி ஏத்துனா, தெரு முனைக்குப் போறதுக்குள்ள, சத்தம் கேக்குதான்னு திரும்பிக் கேப்பேன். கேக்குதுங்கன்னு அவ சொன்னப்புறம்தான் கியரை மாத்துவேன்.