மூன்றாவது அம்புக்குறி

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுக் கணக்கு என்று ஒன்றை எங்கள் தலையில் கட்டினார்கள். கணங்கள், உறவுகள் என்று பாடப்புத்தகம் வந்து இறங்கியபோது, அவிநாசிக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கே பாதி விளங்கவில்லை. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உறவு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அதே உறவு என்றால், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் அந்த உறவு இருக்க வேண்டும். இப்படி அமைந்தால் அது கடப்பு உறவு. இதைச் சொன்னதும் ஒன்பதாம் வகுப்பு கொட்டாவி விட்டது. எனவே ஊர் உதாரணத்துக்கு வந்தேன். எங்கள் சனத்தில் ஒரே குலதெய்வக் கோயில்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். "ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள்" என்று பலகையில் எழுதி, வீடுகளைப் புள்ளிகளாக வைத்து அம்புக்குறி போடச் சொன்னேன். வகுப்பு விழித்துக்கொண்டது.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா பனியன் கம்பெனியில் மேஸ்திரி.

"சார், உங்க ஊடும் எங்க ஊடும் ஒரே கோயிலுங்க. ஆடி மாசம் உங்களை அங்க பார்த்திருக்கறனுங்க."

போடு அம்பை என்றேன். போட்டாள். சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"மாசி மாசம் வெள்ளகோவில் பக்கம் இன்னொரு கோயிலுக்கும் போவமுங்க சார். அங்க அரிசி மில் ஊட்டுக்காரங்களுக்கும் அதே கோயிலுங்க."

இரண்டாவது அம்பும் விழுந்தது. "அப்ப மூணாவதும் போடோணுமுங்க சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. என் வீட்டுப் புள்ளியிலிருந்து அரிசி மில் வீட்டுக்கு அவள் நேராகக் கோடு இழுத்தாள்.

அந்த அரிசி மில் வீட்டுப் பெண்ணைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். வகுப்பில் ஒருவருக்கும் அது தெரியாது. மணி அடித்தும் பலகையைப் பார்த்தபடியே நின்றேன்.

அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயத்தன்று கணம் என்றால் என்னவென்று கேட்டாள். நான் விளக்கி முடித்ததும், "இதுக்கா இத்தனை பெரிய பேருங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தவள் அவள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே. சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன்.

"அடக் கண்ணு, கோயில் வேறன்னு நம்பித்தானே நிச்சயம் பண்ணுனோம், தங்கச்சி முறையாயிருமே! நம்ம கோயில்ல பிடிமண் எடுத்துட்டுப் போயித்தான் அங்க கோயில் கட்டியிருப்பாங்க."

பிழைப்புக்காக ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் புதுக் கோயில் எழுப்புவது எங்களில் வழக்கம். கோயில் இரண்டானாலும் குலம் ஒன்றுதான். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அப்பா மேஸ்திரியைப் பிடித்தார். நானும் கூட இருந்தேன்.

"ஏனுங்க, நீங்க ரெண்டு கோயிலுக்கும் போறீங்களாமே?"

"ஆமாங்க."

பஸ் வந்தது, மேஸ்திரி ஏறிப் போனார். எங்கள் விசாரணை அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கல்யாணம் நின்றது. அவளிடமிருந்து ஒரு இன்லேண்டு கடிதம் வந்தது. "கணக்குல தப்பு இருக்க வழியே இல்லீங்களா?" என்ற ஒரே வரி. நானும் ஒரே வரியில் பதில் எழுதினேன்: "இல்லை." கூடவே மூன்று புள்ளிகளும் மூன்று அம்புகளும் வரைந்து அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த தையில் அவளுக்கு உடுமலைப்பேட்டையில் கல்யாணம் ஆனது. கல்யாணம் நின்ற வருஷ ஆடிக்கு நான் கோயில் பக்கமே போகவில்லை. மறு வருஷம் அப்பாவின் வற்புறுத்தலுக்காகப் போனேன். பங்காளிகள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருக்க, மேஸ்திரி மட்டும் குடும்பத்தோடு தள்ளி நின்றார்.

"வரிசைக்கு வாங்க" என்றேன்.

"நாங்க இங்க பங்காளி இல்லீங்களே சார்."

பிறகு எப்படி இந்தக் கோயிலுக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"இது எங்கம்மா பொறந்த ஊட்டுச் சாமிங்க. அம்மா ஒரே புள்ளை. அப்பா வெள்ளகோவில் பக்கத்துக்காரரு, ஊட்டோட மாப்பிள்ளையா இங்க வந்தாருங்க. அங்கதான் நாங்க பங்காளி. அம்மா சாமியை விட மனசு வராம இங்கயும் வந்து கும்பிட்டுட்டுப் போறமுங்க."

பிடிமண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு கோயிலுக்குப் போகிற ஒரு வீடு நடுவில் இருந்தாலே போதும், ஒரே கோயிலுக்குப் போகிற உறவு அங்கே அறுந்துவிடும். அது கடப்பு உறவே அல்ல. அதைச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் இரண்டு கோயில் என்ற ஒரு கேள்வியை அன்று பஸ் ஸ்டாண்டில் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

மேஸ்திரியின் அம்மா எங்கள் குலம், அப்பா அரிசி மில்காரர்கள் குலம். எந்தக் கல்யாணம் கூடவே கூடாது என்று நான் நிரூபித்துக் காட்டினேனோ, அதே கல்யாணம் ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்திருக்கிறது. அதன் பேத்திதான் என் வகுப்பில் எழுந்து வந்து மூன்றாவது அம்புக்குறியைப் போட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் அப்பாவுக்குப் பின்னால் தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வணக்கமுங்க சார்" என்றாள்.