ரொட்டிமேல் போட்ட பழி

கொழும்பில் என் வயிற்றை நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரைக்கும் திறந்தார்கள். புற்றுநோய் ஒட்டியிருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, சூடாக்கிய மருந்தை உள்ளே ஊற்றிக் கழுவி மூடினார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் காலம்பூராவும் கொழுந்தை வாட்டி, அரைத்து, சூடு காட்டியவன் நான். கடைசியில் என்னையும் அதே மாதிரிச் செய்துவிட்டார்கள். வெளியே வந்த சரக்குதான் மட்டம். கண்ணாடியில் பார்த்தால் சலித்து ஒதுக்கின தூள் மாதிரி இருந்தேன்.

ஆபரேஷனோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த வயிற்றோடு குடித்தனம் நடத்துவது அப்புறம்தான் ஆரம்பமானது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். அதையும் மாடு மாதிரி அசைபோட வேண்டும். சாப்பிட்ட கையோடு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கோடியிலிருக்கும் கக்கூசுக்கு ஓட வேண்டும். மழை நேரத்தில் குடையைப் பிடிப்பதா, இடுப்புச் சாரத்தைப் பிடிப்பதா என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. இதெல்லாம் சிரித்துச் சமாளிக்கலாம். எங்கேயாவது சுருக்கென்று குத்தினால், அது திரும்பி வந்துவிட்டதோ என்று வரும் பயத்தைத்தான் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. நான் வயிற்றில் கை வைத்தால் மனைவி அடுப்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதற்காகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்துத் துரை மாதிரி நடந்து பழகினேன்.

பல மாதம் கழித்து, பாரம் தூக்காத வேலையென்று தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். முதல் நாள் தேத்தண்ணி நேரத்தில் எல்லாரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எங்கள் பக்கம் அவரவர் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து அடுத்தவனுக்குக் கொடுத்துத்தான் தின்போம். செத்துவிடுவான் என்று நினைத்த ஆள் உயிரோடு வந்து நின்றால் துண்டு சிறிதாகவா இருக்கும்? முதல் ஆள் பாதி ரொட்டியை, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு நீட்டினான். வாங்கிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவன் ஒரு தொழிற்சங்கம், அடுத்தவன் வேறு சங்கம். ஒருத்தன் ரொட்டியைத் தின்றுவிட்டு மற்றவன் ரொட்டியை வேண்டாமென்றால், நான் சங்கம் மாறிவிட்டேன் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிடும். எங்கள் தொழிற்சாலையிலோ சங்கத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாச் சங்கத்துக்கும் மரியாதை செய்தேன். தேங்காய்ப்பூ போட்டுத் தடியாகச் சுட்ட ரொட்டி. மெல்ல நேரமில்லாமல் பாதியை அப்படியே விழுங்கினேன்.

இருட்டுவதற்குள் வயிறு கல்லாகிவிட்டது. பச்சையாக வாந்தி. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். டவுன் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் படுக்க வைத்தார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். அவர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது இவ்வளவுதான்: குடல் அடைத்திருக்கிறது. பழைய வெட்டினால் குடல் ஒன்றோடொன்று ஒட்டி, அதில் சாப்பாடு சிக்கியிருக்கலாம். இல்லாவிட்டால் உள்ளே மறுபடி ஏதாவது வளர்ந்திருக்கலாம். ஸ்கேன் படத்தைக் கொழும்பு டொக்டர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“எத்தன ரொட்டி தின்னீங்க?”

“துண்டு துண்டாத்தான். எல்லாம் சேத்தா ரெண்டு இருக்கும்.”

“ரெண்டுதானா?”

“ரெண்டரை.”

“நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. மூணு நாலு இருக்கும்ல?”

அப்போதுதான் புரிந்தது. குற்றம் ரொட்டியுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாலு இருக்கும். சம்பல் வேற,” என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பதில் வரும்வரை ரொட்டியைத் தவிர எனக்கு வேறு சாமி இல்லை. நீதான் செய்தாய் என்று ஒத்துக்கொள் என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே கிடந்தேன். அடைப்பு விட்டதா என்று தெரிந்துகொள்ள, நர்ஸ் வரும்போதெல்லாம் காற்றுப் பிரிந்ததா என்று கேட்டார். லயத்தில் யார் காதிலும் விழாமல் விடவேண்டிய விஷயத்துக்கு இங்கே ஒரு வார்டே காத்திருந்தது. ஒரு மத்தியானம் அது வந்தது, சத்தத்தில் எந்தக் குறையும் இல்லாமல். எதிர்க் கட்டில்காரர் கை தட்டினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

மறுநாள் டொக்டர் வந்து சொன்னார். குடல் ஒட்டினதுதான் காரணம், படத்தில் இப்போதைக்கு வேறொன்றும் தெரியவில்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். மனைவியிடம் திரும்பச் சொன்னபோது ‘இப்போதைக்கு’ என்பதை விழுங்கிவிட்டேன். அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைவிட அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்தபிறகு, நான் வயிற்றில் கை வைத்தால் எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்பதில்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் இடது பக்கம் பிடித்து இழுத்தது. கை தானாகப் போய்விட்டது.

“என்னத்த தின்னீங்க?”

முந்தின நாள் முழுக்க அவள் கொடுத்த கஞ்சியைத் தவிர நான் எதையும் தொடவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

“பலாக்கொட்ட,” என்றேன்.

“எத்தன?” என்று கேட்டாள்.