நான் விட்ட சுரம் ஸ்பீக்கரில் கேட்டது

ராத்திரி பதினொன்றரைக்கு டி.வி.யில் வருகிற நிகழ்ச்சியைப் பட்டப்பகலில்தான் எடுப்பார்கள் என்பது, செம்பூரில் அந்த ஸ்டுடியோவுக்குள் கால் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே திரைச்சீலையில் ஒரு நிலா. ஏ.சி. குளிரில் விரல் மடங்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குச் சொந்தமாக ஒரு வாத்தியக் குழு உண்டு. வாராவாரம் ஒரு விருந்தாளி வந்து அவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிப்பார். கணபதி வாரத்துக்குத் தாராவியிலிருந்து பேஞ்சோ வேண்டும் என்று என்னையும், டோல் அடிக்கிற என் மச்சானையும் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பேஞ்சோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளப் பலகை, அதன் மேல் கம்பிகள், கம்பிக்கு மேல் டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள். இடது கை பொத்தானை அழுத்தும், வலது கை கம்பியை மீட்டும். பம்பாயில் அது இல்லாமல் பிள்ளையார் தெருவைத் தாண்ட மாட்டார்.

நான் யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. இருபது வருஷமாக ஊர்வல வண்டியின் மேல் நின்று வாசிக்கிறேன், ஆனால் வெடிச் சத்தத்துக்கும் டோலுக்கும் நடுவில் என் வாசிப்பைத் தனியாக யாரும் கேட்டது கிடையாது. “உன் பேஞ்சோ கல்யாணச் சாப்பாட்டு உப்பு மாதிரி வே. இல்லாட்டிதான் தெரியும்” என்பான் மச்சான். ஒரே ஒரு தடவை அது நாலு பேர் காதில் தெளிவாக விழ வேண்டும். அன்றைக்கு நான் போனது அதற்காகத்தான்.

எங்கள் பேஞ்சோ பார்ட்டியில் ஒரு வழக்கம். வாசிக்கிற நாள் காலையில் தேங்காய் உடைத்துச் சுருதி கூட்டுவோம். கூட்டியதும் கம்பி முறுக்குகிற திருகுகளின் மேல் மஞ்சள் துணியைக் கட்டிவிடுவோம். அன்றைய வாசிப்பு முடிகிறவரை அதை அவிழ்க்கக் கூடாது. ஒரு வருஷம் நடுவில் அவிழ்த்தார்கள். அன்றைக்குத்தான் மச்சானுடைய அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மச்சான் அதை மறந்ததில்லை.

குழுவின் தலைவர் மாட்டுங்காத் தமிழர். கீபோர்டு வாசிப்பவர். முதலில் இந்தியில் ‘ஆப்’ போட்டு மரியாதையாகத்தான் பேசினார். நாங்களும் தமிழ் என்று தெரிந்த நிமிஷமே நான் ‘நீ’ ஆகிவிட்டேன்.

ஒத்திகையில் நாலு சுரம் வாசித்திருப்பேன். கையை ஓங்கி நிறுத்தினார்.

“சுருதி ஏறியிருக்கு. இந்தக் குளிர்ல கம்பி இழுத்துண்டிருக்கு பாரு. இறக்கு.”

“காலையிலேயே கூட்டிக் கட்டியாச்சு அண்ணாச்சி.”

“நான் உனக்கு அண்ணாச்சி இல்லை. சார்னு சொல்லு.”

மச்சான் குறுக்கே வந்து, துணியை அவிழ்க்க முடியாது, அது சாமிக்குக் கட்டியது என்று வழக்கத்தை விளக்கினான். சாமியைத் தாராவியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றார் அவர். டிரம் வாசிக்கிறவன் சிரித்தான். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, அப்படியே வாசி” என்று புன்னகை செய்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மச்சான் மட்டும் என் காதருகே, “சிரிச்சுக்கிட்டே விட்டுக்கொடுக்கிறவன் கையில என்ன இருக்குன்னு பாக்கணும்ல” என்றான்.

படப்பிடிப்பு தொடங்கியது. எதிரே நூறு பேர் உட்கார்ந்து, கைதட்டு என்றால் கைதட்டினார்கள். நான் வாசிக்கிறேன், காலடி ஸ்பீக்கரில் பேஞ்சோ தேனாக ஒழுகுகிறது. நானா இப்படி வாசிக்கிறேன் என்று எனக்கே மலைப்பு. இரண்டாவது அடியில் விரல் வழுக்கி ஒரு சுரத்தை விட்டேன். விட்ட சுரம் ஸ்பீக்கரில் கேட்டது.

இரண்டு கையையும் தூக்கினேன். பாட்டு நிற்கவில்லை. தலைவர் குனிந்த தலை நிமிராமல் கீபோர்டில் பேஞ்சோ சத்தம் வைத்து என் பாகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். தமாஷ் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. டைரக்டர் மைக்கில் கத்தி நிறுத்தினார்.

“எதுக்குக் கையை எடுத்தே?” என்றார் தலைவர்.

“நான் வாசிக்காமலே வாசிக்குது சார். அதான் கேட்டுக்கிட்டு நின்னேன்.”

“உன் சவுண்ட் லைனை மூடச் சொன்னது நான்தான். ஏறின சுருதியோட என் பேண்டை நாசம் பண்ண விடமாட்டேன். மூஞ்சியைக் காட்டத்தானே கூப்பிட்டா? காட்டிட்டுப் போ.”

எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள். இது மாதிரி ஒன்று என் மேல் விழுந்ததில்லை. மச்சான் டோலைத் தோளில் மாட்டிக்கொண்டான். “சல், கெளம்பு.” கிளம்பினாலும் என் சத்தம் கேட்காது, பொம்மை மாதிரி நின்றாலும் கேட்காது. நான் துணி முடிச்சில் கை வைத்தேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எங்கப்பா விழுந்தது மறந்து போச்சால உனக்கு?”

கையை உதறிவிட்டு அவிழ்த்தேன். சுருதி கொடுங்கள் என்று தலைவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஒற்றை விரலால் ஒரே கட்டையை ஆணி அடிப்பதுபோலக் குத்திக்கொண்டே இருந்தார். அந்த அடியைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கம்பியாக இறக்கினேன். கேமராக்காரர்கள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தார்கள். அவர் சொன்னது சரிதான், கம்பி எல்லாமே ஏறியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை.

மறுபடி எடுத்தபோது லைனைத் திறந்துவிட்டார்கள். மச்சான் இல்லை, வெளியே போய்விட்டான். அந்த டிரம்காரனோடுதான் வாசித்தேன். முடிந்ததும் கை கொடுக்கப் போனேன், தலைவர் வயர் சுருட்டப் போய்விட்டார்.

நிகழ்ச்சி வந்த மறுநாள் என் மனைவி அதைப் போனில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஒவ்வொரு சுரமும் என்னுடையது, தனியாக, தெளிவாக. வாசற்படியில் நின்று மச்சானும் கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு. இனிமே இந்த வீட்டுல எது நடந்தாலும் உன்னையத்தான் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே வராமலே போனான்.

அந்த மாசமே மழையில், தொண்ணூறடி ரோட்டில் அவன் ஸ்கூட்டர் சறுக்கி மணிக்கட்டு முறிந்தது. டோல் அடிக்கிற கை. ஆஸ்பத்திரியிலிருந்து தன் அக்காவுக்குக்கூடச் சொல்லாமல் முதல் போன் எனக்குத்தான் போட்டான்.

“சந்தோஷமா?” என்றான்.

ஓடினேன். மாவுக்கட்டுப் போட்டு முடிகிறவரை என்னை உள்ளே விட வேண்டாம், கட்டினதை நடுவில் அவிழ்க்கிற ஆள் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தான்.