சோப்பு டப்பா ஸ்கேன்

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது. சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூர் முதுநகரில் இறங்கி, வெயிலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிற்றில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. என்னுடைய சோப்பு டப்பாவை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் அண்ணனின் பழைய லேப்டாப் திறந்திருக்க, திரையில் ஒரு குழந்தையின் இதயம் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

சோப்பு டப்பா என்றால் யாருக்கும் விளங்காது. நான் அப்போது சிதம்பரத்தில் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். வார நாட்களில் ஹாஸ்டல், சனி ஞாயிறு அண்ணன் வீடு. ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்வது எங்களுக்குக் குதிரைக்கொம்பாக இருந்தது. ஸ்கேன் மெஷினைச் சட்டப்படி பதிவு செய்து ஒரே அறையில் வைத்திருப்பார்கள். நினைத்த இடத்துக்குத் தூக்கிப்போக முடியாது. ஒரு கர்ப்பிணியைச் சுற்றி நாங்கள் ஒரு கூட்டம் நிற்போம். முன்னால் நிற்பவர்களுக்குத் திரை தெரியும், எனக்கு அவர்களின் பின்னந்தலை தெரியும். பின்னந்தலைகளைப் பற்றி யாராவது பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதல் மார்க்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் எங்கள் சார் ஒருவர் ஒரு காரியம் செய்தார். சின்ன வயசுக்காரர், கம்ப்யூட்டர் பைத்தியம். காலி சோப்பு டப்பா ஒன்றுக்குள் அசைவைக் கண்டுபிடிக்கும் சின்னஞ்சிறு சென்சார் ஒன்றை ஒட்டி, வயரை லேப்டாப்பில் செருகினார். டப்பாவைச் சாய்த்தால் திரையில் ஸ்கேன் படமும் சாயும். திருப்பினால் தலை போய்க் கால் வரும். தூக்கிவிட்டால் திரை இருட்டாகிவிடும். படங்களெல்லாம் சம்மதம் கொடுத்த கர்ப்பிணிகளிடம் பதிவு செய்தவை. இத்தனையாவது வாரம், இத்தனையாவது வாரம் என்று வரிசையாக அடுக்கியிருந்தார். எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா ஏற்றிக் கொடுத்தார். தலையணை மேல் வைத்துப் பழகுங்கள் என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கென்று ஒரு டப்பா தனியாகச் செய்து வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணி தோசை வார்ப்பதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளைப் பக்கத்துப் பெண். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பி.காம். படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவர். லேப்டாப்பில் என்னைவிட வேகமாகத் தட்டுவார். விவரம் தெரியாதவர் என்று யாராவது நினைத்தால் அவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. திட்டக்குடியிலிருக்கும் எங்கள் அப்பாவும் அம்மாவும் நிலத்தை விட்டு நகராதவர்கள், அவர்களே மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்து, அதன்பிறகு கிள்ளைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அண்ணிக்கு ஒரே ஒரு குறை. ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா, அவர் போன இடத்தில் அதற்காகத் திரையையே டாக்டர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கூரையைப் பார்த்தபடி படுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒட்டும் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார். தன் குழந்தையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தலையணையின் வயிற்றில் தெரிகிற குழந்தையைத்தான் பார்த்தார். இது வேறு யாருடைய குழந்தையோ என்று நான் தெளிவாகச் சொன்னேன். தெரியும் போ என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என்ன அண்ணி, நீங்களே டாக்டர் ஆகிவிட்டீர்களா என்று கேட்டேன். அண்ணன் கம்பெனிக்கு ஷிப்டு போன பிறகு தினமும் பார்ப்பதாகச் சொன்னார். வாரம் மாற மாற அடுத்த வாரத்துப் படத்தைத் திறந்துகொள்வாராம். தன் வாரத்துக்குத் தகுந்த குழந்தையைப் பார்த்து வந்திருக்கிறார்! நான் பையைக் கழற்றிக்கொண்டே, குழந்தை உதைக்கிறதா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"வியாழக்கெழமலேர்ந்து உதைக்கறதே இல்ல பாப்பா. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சி. அப்புறம் இத வெச்சிப் பாத்தேன். துடிப்பு நல்லா ஓடுது. தூங்குதுன்னு வுட்டுட்டேன்."

பை என் கையிலிருந்து நழுவிவிட்டது. இரண்டு நாள். இந்தப் பிளாஸ்டிக் டப்பா வழியாக யாரோ ஒருத்தியின் பிள்ளை, எங்கள் பிள்ளை நன்றாக இருப்பதாக இரண்டு நாள் சாட்சி சொல்லியிருக்கிறது. நான் பாய்ந்து போய் வயிற்றில் கை வைத்தேன். எண்ணெயில் கை வழுக்கியது. உள்ளே ஒரு அசைவும் இல்லை.

அது உங்கள் குழந்தை இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே அண்ணி என்று கத்திவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். டப்பாவை வயிற்றில் வைத்துக் கொஞ்சம் சாய்த்தார். திரையில் குழந்தை சாய்ந்தது.

"நான் நவுத்துனா நவுருதே. எடுத்தா போயிடுது. வேற ஆளோட புள்ளன்னா என் கைக்கு எப்பிடி நவுரும்?"

இந்தக் கருவியின் பெருமையே அதுதான் என்று சார் வகுப்பில் மார்தட்டிக்கொண்ட விஷயத்தை அண்ணி என்னிடமே கேட்டார். உண்மையான மெஷின் அவருக்கு முதுகைக் காட்டியது, பொய்யான மெஷின் அவர் சொன்னபடி கேட்டது. எதை நம்புவார்?

புடவையைச் சுற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து, அண்ணனுக்கு போன் போட்டுக்கொண்டே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அண்ணி, நீ சும்மா பதறுகிறாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார். டாக்டர் மேடத்திடம் நான் மருத்துவ மாணவி என்று சொன்னதால் ஸ்கேன் அறைக்குள் என்னையும் விட்டார். அண்ணி வழக்கம்போலக் கூரையைப் பார்த்துப் படுத்தார். நான் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் திரை முழுசாகத் தெரிந்தது.

தலை தெரிந்தது. முதுகெலும்பு அழகாக, கோத்து வைத்ததுபோல் தெரிந்தது. நெஞ்சுக்கூடு தெரிந்தது. இதயமும் தெரிந்தது. ஆனால் அது துடிக்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மேடம் கையைச் சரியாக வைக்கவில்லை என்று தோன்றியது. நான் பழகிய கருவியில் எத்தனையோ குழந்தைகள் உண்டு. தலைகீழாக, குறுக்காக, இரட்டையாக, எல்லாம் உண்டு. நின்றுபோன இதயம் ஒன்றுகூடக் கிடையாது. சரியான கோணத்தில் பிடித்தால் துடிப்பு கட்டாயம் தெரியும் என்பதுதான் என் கை கற்றிருந்த பாடம்.

"மேடம், இன்னும் கொஞ்சம் எடதுபக்கம் சாய்ச்சா தெரியும்," என்றேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னபடியே இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கமும் சாய்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, அண்ணியின் தலைமாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் மெதுவாக, சுற்றிவளைக்காமல் சொன்னார். அண்ணி அழவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"நீ போயி நம்ம வூட்டு மிஷின எடுத்துட்டு வா பாப்பா. இது சரியில்ல. அதுல ஓடுது, காலையிலகூடப் பாத்தேன்."

அண்ணன் யூனிபார்மோடு ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. வியாழக்கிழமையே வந்திருந்தால் என்று நான் மேடத்திடம் கேட்டேன். அப்படி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றுவரை இல்லை.

கல்லூரிக்குத் திரும்பிய அன்று நேராகச் சாரிடம் போய் டப்பாவை மேஜைமேல் போட்டேன். போட்டேன் என்பது மரியாதைக்கு, எறிந்தேன். மட்டு மரியாதை எதுவும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் மெஷினில் ஏன் சார் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை என்று கேட்டேன். அவர் வெளிறிப்போனார். ரொம்ப நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு படத்தை எந்தத் தாயிடம் போய்ச் சம்மதம் கேட்பது என்றார். அன்றைக்கே முதல் திரையில் பெரிய தமிழ் எழுத்தில், இது வேறொருவரின் பதிவு, உங்கள் உடம்பைப் பார்க்காது என்று எழுதிச் சேர்த்தார். படம் ஓடும்போதும் அந்த வரி ஓரத்தில் நிற்கும்படி செய்தார்.

அண்ணி ரொம்ப நாள் அந்த லேப்டாப் பக்கமே போகவில்லை. நானும் டப்பாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த படம் அவர்களிடம் இருக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"எம்புள்ளய நான் பாக்கவே இல்லியே, மிஷின்ல."

மேடம் பதிவை வைத்திருந்தார். அண்ணி கேட்டதும் தந்தார். அண்ணி சோபாவில் உட்கார்ந்து தனியாகப் பார்த்தார். நான் அடுக்களையில் நின்றேன். கூடத்துக்குப் போகத் தைரியமில்லை. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, இதையும் உங்கள் சாரின் மெஷினில் போடச் சொல் என்றார். சார் வீட்டுக்கே வந்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் ஜூனியர் பசங்களுக்கு லேபில் பயிற்சி. நான் இப்போது ஹவுஸ் சர்ஜன், உதவிக்குப் போயிருந்தேன். ஒரு பெண் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரி, தலை, கால், நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் டக்டக்கென்று கண்டுபிடித்தாள். அப்புறம் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். டப்பாவைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள்.

"அக்கா, இது ஹேங் ஆயிடுச்சி போல. ஹார்ட் ஓட மாட்டேங்குது."

அந்த முதுகெலும்பு எனக்குத் தெரியும்.

"ஹேங் ஆவல," என்றேன். "அது அப்பிடித்தான். நல்லாப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். பேனாவை எடுக்கவில்லை, டப்பாவை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள்.