காயில் சுற்றியவள் கேட்ட பாட்டு

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் கூத்தில் பாதி அதனால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையைத் தடுத்து ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஸ்டூடியோ என்று பெத்த பேர் வைத்தது நான்தான். சுவரில் எதிரொலி அடங்க பவானி ஜமக்காளத்தை ஆணியடித்து மாட்டியிருந்தேன். பாடுகிறவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. கோயில் கேசட், கும்மிப் பாட்டு, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரம், எது வந்தாலும் பதிவு செய்வேன்.

என் மனைவி பதினெட்டு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். வரிசையாக நூற்பு மிஷின்கள் ஓடும் கூடத்தில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டும் வேலை, பதினைந்து வருஷம். மில்லை மூடிய பிறகு பக்கத்துத் தெருவில் இருந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வீட்டிலிருந்தே காயில், அதாவது மோட்டாருக்குள் வைக்கும் செப்புக் கம்பிச் சுருள், சுற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் கிணற்று மோட்டாருக்குப் பஞ்சமா, அது புகையாத நாள்தான் உண்டா. அவளுக்கு வேலை ஓயாது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குள் பேச்சு வற்றிக்கொண்டே வந்தது. நான் என்ன சொன்னாலும் "செரிங்க." எதைக் கேட்டாலும் "ஆமாங்க." ஒரு பாட்டைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் "நல்லாருக்குதுங்க." எந்தப் பாட்டுக்கும் அதே நல்லாருக்குதுங்க. எங்கள் பக்கத்தில் இதை மரியாதை என்பார்கள். எனக்கோ அது பற்றிக்கொண்டு வரும். செரிங்க என்று சொல்லிவிட்டு, சொன்னதைச் செய்யாமல் விடுவாள். என் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை, அவளுக்கு என்மேல் ஒட்டுதல் விட்டுப்போய்விட்டது என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. என் வேலை மேஜை ஜன்னல் பக்கம் இருந்தது. அவள் ஏதாவது கேட்க வந்தால் எனக்குப் பின்னால் நின்று கேட்க மாட்டாள். மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடுக்கில் நுழைந்து, வெளிச்சம் முழுவதையும் மறைத்துக்கொண்டு, எனக்கு எதிரே நின்றுதான் வாயைத் திறப்பாள். "வெளிச்சத்த மறைக்காதன்னு எத்தன தடவ சொல்றது" என்று தினமும் கத்துவேன். தினமும் செரிங்க என்பாள். மறுநாள் அதே இடுக்கில் நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஈக்வலைசர் கிறுக்குப் பிடித்தது. பாட்டில் அடிக்குரல், நடுக்குரல், கீச்சுக்குரல் என்று தனித்தனியாகப் பிரித்து, வேண்டியதைத் தூக்கி வேண்டாததைத் தணிக்கிற பெட்டி அது. கடையில் விற்ற பெட்டிகள் எனக்குப் பிடிக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தூக்கினால் தகரத்தில் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும். உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், அந்தக் காலத்து வானொலி நிலையங்களில் இருந்த மாதிரி, செப்புக் கம்பிக் காயில் வைத்துக் கட்டும் ஈக்வலைசரின் வரைபடம் இருந்தது. பார்த்ததும் கட்டியே தீர்வது என்று நின்றேன்.

முகப்புத் தகட்டைக் கணபதியில் ஒரு லேத்துக் கடையில் வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார்கள். குமிழ்களைச் செத்துப்போன வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றினேன். காயில்தான் எங்கும் கிடைக்கவில்லை. மயிர் தடிமனில் எனாமல் கம்பியை விரல்நுனி அளவுச் சக்கரத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் ஐந்து இடத்தில் கிளை பிரித்து வெளியே எடுக்க வேண்டும். சுற்றி முடித்ததை ஃபெரைட் என்னும் கறுப்புக் கிண்ணம் இரண்டுக்கு நடுவில் வைத்து மூட வேண்டும். நான் மூன்று நாள் முயன்றேன். கம்பி அறுந்தது, என் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது. நான்காம் நாள் அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். அறுந்த நூலைத் தொட்டே பழகிய விரல்கள் அவை. ஒரே மதியத்தில் இரண்டு காயில் சுற்றி வைத்துவிட்டாள், கம்பி ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

சொல்ல வேண்டிய ஒன்றை நான் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மோட்டார் காயில் என்றால் சுற்றியதும் வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் கெட்டுவிடும். இதற்கு அது ஆகாது. கிண்ணத்தின் இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் முகத்தோடு முகம் உட்கார வேண்டும், நடுவில் வார்னிஷ் புகுந்தால் அளவு மாறிப்போகும். பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைப் பிடித்தபடி, குனிந்த தலை நிமிராமல், வார்னிஷில் மட்டும் முக்கிப்போடாதே என்று இரண்டு முறை சொன்னேன். வாசற்படியில் நின்றவள் இரண்டு முறையும் செரிங்க என்றாள்.

மறுநாள் காலையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு காயிலும் கிண்ணத்தோடு சேர்த்து நூலால் கட்டி, வார்னிஷ் சொட்டச் சொட்ட, வெயிலில் மினுங்கிக்கொண்டு இருந்தன.

நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். ஒரு மனுஷன் சொன்னதற்கு மதிப்பே இல்லையா, வேண்டுமென்றே செய்கிறாயா, பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலை, இப்படி என்னென்னவோ. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்த்து நிற்கிற திமிர் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன். பிறகு கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டி முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலை. சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் முருகன் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போயிருந்தார். அந்த டேப்பைப் போட்டு, புதுப் பெட்டி வழியாக விட்டேன். ஆகா, குரல் வெண்ணெய் மாதிரி வந்தது. தகரச் சத்தம் துளியும் இல்லை. சந்தோஷத்தில் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அடுக்களையிலிருந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். நீ சுற்றிய காயில், நீயே திருப்பிப் பார் என்று ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். என் காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருந்தது.

முதல் குமிழுக்கு ஐந்து இடம். ஒவ்வோர் இடமும் குரலின் ஒவ்வொரு பகுதி. இரண்டாவது குமிழ், அந்தப் பகுதியை எவ்வளவு தூக்குவது என்பதற்கு. அவள் முதல் இடத்தில் வைத்துத் தூக்கினாள், தணித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது இடத்திலும் ஒன்றும் இல்லை. நல்லாருக்குதுங்க என்று எந்த நிமிஷமும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நான்காவது இடம், நொடிக்கு நாலாயிரம் துடிப்பு. அங்கே வைத்து இரண்டாவது குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கு ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. பதறிப்போய்க் கையை நீட்டிப் பாதியாகக் குறைத்தேன்.

"ஐயோ, போயிருச்சுங்க" என்றாள்.

என்ன போய்விட்டது என்று எனக்குப் புரியவில்லை. அவளே திரும்பவும் முழுசாகத் திருகினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏனுங்க, இந்தம்மா பாட்டுல வார்த்தையெல்லாம் இருக்குதுங்க."

பாட்டு என்றால் வார்த்தை இல்லாமலா என்று கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். எதுவோ எனக்குள் இடறியது. டேப்பை நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்து அவளுக்குப் பின்னால் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டேன்.

"அம்மணி, இன்னிக்கு என்ன கெழம?"

"செரிங்க" என்றாள்.

அந்த ஒற்றை வார்த்தைப் பதிலை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். எத்தனை செரிங்க! வார்னிஷுக்குச் சொன்ன செரிங்க, வெளிச்சத்துக்குச் சொன்ன செரிங்க, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் ஏதோ சொல்கிறேன் என்பது மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்ன சொல்கிறேன் என்பது என் வாயைப் பார்த்தால்தான் தெரியும். மில்லில் மிஷின் ஓடும்போது யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது, வாயசைவைப் பார்த்தேதான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்திலேயே வீட்டிலும் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறாள். வெளிச்சத்தை மறைக்கவா வந்தாள் பாவி மகள்? என் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.

அவளுக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சேலை முந்தானையை எடுத்துத் திருகினாள்.

"பாட்டு ரெக்கார்டு பண்றவரு ஊட்டுக்காரி செவுடுன்னு தெரிஞ்சா, உங்களுக்குத்தானுங்க கேவலம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்மேல்தான். காது காது என்று பெருமை பீற்றிக்கொண்டு, டேப்பில் ஒரு கொசு பறந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவன், கூட இருக்கிறவளுக்குக் கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கவில்லை. அவள் எதிரிலேயே அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள். அதுவும் நியாயமா சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் போனோம். ஓர் அறையில் உட்காரவைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்து, ஒரு கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்து கொடுத்தார்கள். டாக்டர் விளக்க வாயெடுக்கும் முன் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கோடுகளைத்தான் நான் மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தேன். நேராக வந்த கோடு நாலாயிரத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. அவள் எந்த இடத்தில் குமிழை வைத்துக் கடைசி வரைக்கும் திருகினாளோ, அதே இடம். மில் சத்தம் தின்றுபோட்டது, திரும்ப வராது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கருவியும் வாங்கினோம். பாத்திரச் சத்தம்தான் இடி மாதிரி கேட்கிறதென்று பாதி நாள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவாள்.

மத்தியான நேரத்தில் வேலை இல்லாதபோது அவள் ஸ்டூடியோவுக்கு வருவாள். அந்தப் பெட்டியின் நான்காவது இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். அங்கே திருப்பி, ஹெட்போனை மாட்டி, நான் பதிவு செய்த பழைய டேப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். இப்போதெல்லாம் நல்லாருக்குதுங்க கிடையாது. இந்தாளு வார்த்தைய முழுங்கறாருங்க, அந்தப் பொண்ணுக்கு மூச்சுப் பத்தலைங்க என்று குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மேஜையைத் திருப்பிப் போட்டேன், வாசலைப் பார்த்து உட்கார்கிற மாதிரி. இன்னொன்றும் பாக்கி இருந்தது. எனக்கு அப்போது பெரிய மீசை. மேலுதடு தெரியாமல் கீழுதட்டில் வந்து விழும். அது எனக்குத் தனி கௌரவம். சலூனுக்குப் போய் வழித்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் மீசையை எடுத்தால் வீட்டில் பெரியவர் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். தெருவில் நுழைந்ததிலிருந்து வீடு வரும் வரைக்கும், யாருக்குங்க, எப்பங்க என்று துக்கம் விசாரித்தார்கள். ரீவைண்டிங் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வீட்டில் ஒரு நாதஸ்வரக்காரர் பதிவுக்கு வந்து காத்திருந்தார். அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுப் பதிவைத் தொடங்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் மூச்சு விடக்கூடாது. அவள் காபி டம்ளரோடு கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சத்தமே வரவில்லை. பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

நான் குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

"நல்லால்லீன்னா மறுபடி வளத்துக்கட்டுமா?"

அவள் ஒரு நிமிஷம் என் உதட்டைப் பார்த்தாள். அவளும் குரல் இல்லாமலே சொன்னாள்.

"வேண்டாமுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்ட ஒன்றுக்கு அவள் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாதஸ்வரக்காரர் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்காகவே இன்னொரு முறை கேட்டேன்.